நொடியைப் பிளந்தால் நியாயம் கிடைத்துவிடுமா?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் அதை ஆனி மாதக் கடைசியில் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார். பணமும் கைமாறிவிட்டது. வாங்கியவர் கொஞ்சம் நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆள். "ஆடி போகட்டும், ஆவணியில் பதிந்துகொள்ளலாம்" என்று பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நடுவில் அதே சொந்தக்காரர் அதே மனையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிறார். இரண்டாவது ஆளுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. எழுதிய அன்றே சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட்டார்.

இப்போது மனை யாருக்கு?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பத்துப் பேரிடம் இதைக் கேட்டால் எட்டுப் பேர் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். "டேட்டாபேஸில் யாருடைய டைம்ஸ்டாம்ப் முதலில் இருக்கிறதோ அவருக்கு." அதாவது இரண்டாவது ஆளுக்கு. அவர்களில் இரண்டு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், "நொடி வரைக்கும் சேமித்தால் போதாது, மைக்ரோ செகண்ட் வரைக்கும் வேண்டும், இல்லையென்றால் தகராறு வரும்" என்பார்கள்.

சட்டம் சொல்கிற பதில் வேறு. 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, பதிவான பத்திரம் பதிந்த நேரத்திலிருந்து செல்லுபடியாவதில்லை. எழுதிக் கொடுத்த நேரத்திலிருந்தே செல்லுபடியாகிறது. பதிய 4 மாத அவகாசம் உண்டு என்கிறது 23-வது பிரிவு. ஆகவே முதல் ஆள் ஆவணியில் முறைப்படி பதிந்துவிட்டால், பின்னால் பதிந்திருந்தாலும் அவர் பத்திரமே முந்தியது. இரண்டாவது ஆளின் பதிவில் நொடிக்குப் பின்னால் ஆறு இலக்கம் இருந்தாலும் சரி, அறுபது இலக்கம் இருந்தாலும் சரி, ஒரு பயனும் இல்லை. துல்லியமாகத்தான் அளந்திருக்கிறார்கள், ஆனால் வேறு எதையோ அளந்திருக்கிறார்கள்!

டேட்டாபேஸில் "இப்போது மணி என்ன?" என்று மிகத் துல்லியமாகக் கேட்பது எப்படி என்ற கேள்வி மாணவர்களையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் ரொம்ப நாளாக ஆட்டிவைக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. எந்தச் சம்பவத்தின் நேரம்? யாருடைய கடிகாரம்? அந்த நேரத்தை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்?

முதலில் நேரடியான பதில்

ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு ரகம்.

மைஎஸ்க்யூஎல் பல வருடம் நொடிக்குக் கீழே எதையும் சேமிக்கவே இல்லை. 5.6 வெர்ஷனில்தான், அதாவது 2013-ல் வெளியான பதிப்பில்தான், நொடிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வரை வந்தது. இன்றைக்கும் சும்மா 'நவ்' என்று கேட்டால் முழு நொடிதான் கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் 6 என்று போட்டுக் கேட்க வேண்டும், காலத்தை உருவாக்கும்போதும் 6 என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றில் மறந்தாலும் போச்சு. அதிலும் ஒரு வேடிக்கை: ஆறு இலக்க நேரத்தை முழு நொடி காலத்தில் போட்டால் மைஎஸ்க்யூஎல் மிச்சத்தை வெட்டாது, ரவுண்ட் செய்யும். விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு 11:59:59.7-க்கு ஒரு மாணவி பொத்தானை அமுக்கினால் மறுநாள் 00:00:00 என்று பதிவாகும். அவள் நேரத்துக்குத்தான் வந்தாள், டேட்டாபேஸ் அவளைத் தாமதமாக்கிவிட்டது.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் பழைய 'டேட்டைம்' வகை நொடியை 300 பங்காகத்தான் பிரிக்கும். அதனால்தான் மில்லி செகண்ட் எப்போதும் 0, 3, 7 என்றே முடிகிறது. 2008 பதிப்பில் வந்த 'டேட்டைம்2' வகை 100 நானோ செகண்ட் வரைக்கும் போகும், அதற்குத் துணையாக 'சிஸ்டேட்டைம்' என்ற ஃபங்ஷனும் வந்தது. ஆரக்கிளில் 'டேட்' என்றால் நொடிதான், 9ஐ பதிப்பிலிருந்து 'சிஸ்டைம்ஸ்டாம்ப்' உண்டு.

போஸ்ட்கிரெஸ் மைக்ரோ செகண்டை ரொம்ப நாளாகவே தருகிறது. ஆனால் அதன் 'நவ்' உண்மையில் "இப்போது" கிடையாது! டிரான்சாக்‌ஷன் எப்போது ஆரம்பித்ததோ அந்த நேரம். டிரான்சாக்‌ஷன் பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடமும் அதே நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். நிஜமான இந்த நொடி வேண்டுமென்றால் 'கிளாக் டைம்ஸ்டாம்ப்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. இது பிழையில்லை, வேண்டுமென்றே செய்தது. ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதப்படும் ஐம்பது வரிகளும் ஒரே நேரத்தைத் தாங்கி நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மைஎஸ்க்யூஎல்லின் 'நவ்' அந்த ஒரு ஸ்டேட்மென்ட் ஆரம்பித்த நேரத்தைச் சொல்லும், 'சிஸ்டேட்' ஓடுகிற நேரத்தைச் சொல்லும்.

இவ்வளவுதான் பதில். இதோடு எழுந்து போகிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

இலக்கம் கூடினால் உண்மை கூடுமா?

தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் மில்லி கிராம் காட்டுகிற தராசு இருக்கிறது. அந்தத் தராசை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளித்த மல்லிகையை நிறுத்தால் என்ன ஆகும்? மூன்று தசமம் அழகாகத் தெரியும். பூ எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் தெரியாது. இலக்கம் வேறு, உண்மை வேறு.

சாதாரண கம்ப்யூட்டரின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் துண்டை நம்பி ஓடுகிறது. அது பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால், அதாவது மிகச் சாதாரணமான தவறுதான், ஒரு நாளில் சுமார் 1.7 நொடி விலகும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 12 நொடி. அந்தக் கம்ப்யூட்டர் ஆறு இலக்கத்தில் நேரம் சொன்னால், அந்த ஆறு இலக்கமும் பொய்யின் அலங்காரம்.

இதைச் சரிசெய்ய நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கலாம். இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களை வைத்துக் காப்பது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களை இந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவல் மையத்தின் நேர சர்வரோடு, இல்லையென்றால் அவற்றை அடியொற்றிய சர்வரோடு, இணைக்க வேண்டும் என்றது. ஒரு குற்றத்தைத் துப்புத் துலக்கும்போது இரண்டு சர்வர் லாக்குகள் இரண்டு நேரம் சொன்னால் விசாரணையே குழம்பிவிடும் என்பதால் இது அவசியமான உத்தரவுதான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டெல்லியிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, கேபிள் வளையாமல் நெளியாமல் வந்தாலும் ஒரு வழிப் பயணத்துக்கே 10 மில்லி செகண்ட். அதாவது 10,000 மைக்ரோ செகண்ட். போக வர ஆகும் நேரத்தை அளந்து பாதியைக் கழித்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். போகிற பாதையும் வருகிற பாதையும் ஒரே நீளமாக இருந்தால் கணக்கு சரி. இல்லையென்றால் அந்த வித்தியாசத்தில் பாதி, கடிகாரத்தில் தவறாக உட்கார்ந்துகொள்ளும். அது வெளியே தெரியவும் தெரியாது.

கூகுள் 2012-ல் தன் ஸ்பேனர் டேட்டாபேஸைப் பற்றிச் சொன்னபோது எல்லோரையும் கவர்ந்த விஷயம் இதுதான். டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ், அணுக் கடிகாரம் எல்லாம் வைத்திருந்தும், அது "மணி இத்தனை" என்று ஒற்றை எண்ணைச் சொல்லாது. "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று ஒரு இடைவெளியைச் சொல்லும். அந்தச் சந்தேக அளவு சில மில்லி செகண்ட். அது தீரும் வரை காத்திருந்துவிட்டுத்தான் வேலையை முடிக்கும். உலகத்தின் மிகப் பணக்கார கம்பெனி ஒன்றே "சரியாகத் தெரியாது" என்று ஒப்புக்கொள்ளும்போது, லேபில் ஓடுகிற ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட் மைக்ரோ செகண்டில் சத்தியம் செய்கிறது!

நேரம் என்பதே ஒரு உடன்பாடு

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை இருப்பது சுமார் 78.1 பாகையில். அதனால் மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணிக்கு இல்லை, 12 மணி 17 நிமிடத்துக்கு மேல். 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வருவதற்கு முன்னால், ரயில்கள் மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தில் ஓடின. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். இன்றைய நேரத்துக்கு 9 நிமிடம் பின்னால். இதில் எது "சரியான" நேரம்? எல்லோரும் ஒப்புக்கொண்டது எதுவோ அதுவே சரி. அரசு மின்-டெண்டர் இணையதளங்களில் ஏலதாரருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்: கெடு முடிகிற நேரத்துக்கு சர்வர் காட்டும் நேரமே கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் இல்லை. அணுக் கடிகாரத்தை விட இந்த ஒரு வரிதான் சண்டையை அதிகம் தடுக்கிறது.

ஊர் மக்களுக்கும் இது தெரியாததில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்துக்கும் முகூர்த்தம் குறிக்கிறார்கள், பழைய கணக்கு நாழிகைதான். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 நொடி. லட்சக்கணக்கான பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதற்கு அந்தத் துல்லியம் போதுமானது. மைக்ரோ செகண்ட் கேட்டு யாரும் வழக்குப் போட்டதில்லை :)

பதிவாளர் ஆபீஸ் படித்த பாடம்

மறுபடி பத்திரத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு தேதி இல்லை, மூன்று தேதிகள் இருக்கும். எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள். பக்கத்தில் ஆவண எண், வருடம்.

இது கம்ப்யூட்டர் வந்தபின் கண்டுபிடித்தது கிடையாது. பத்திரம் தாக்கலான நாளையும் மணியையும் இடத்தையும் அதன் மீதே குறிக்க வேண்டும் என்பது 1908 சட்டத்தின் 52-வது பிரிவு. பதிவேட்டில் எண்கள் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும், வருடம் பிறந்தால் புது வரிசை ஆரம்பிக்க வேண்டும் என்பது 53-வது பிரிவு. யோசித்துப் பாருங்கள். மணி என்றால் வெறும் மணிதான், நொடி கூடக் கேட்கவில்லை. மைத்தொட்டியும் பேனாவும் வைத்திருந்த குமாஸ்தாவால் இந்த நாட்டின் நிலங்களுக்கெல்லாம் வரிசை காக்க முடிந்தது. எப்படி?

ஏனென்றால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மூன்று வேலையை ஒரே காலத்தில் திணிக்கவில்லை. உரிமை எப்போது பிறந்தது என்பதற்கு எழுதிக் கொடுத்த தேதி. ஆபீசுக்கு எப்போது வந்தது என்பதற்குத் தாக்கல் நேரம். எது முன், எது பின் என்பதற்கு எண். நேரத்தை வைத்து வரிசை கண்டுபிடிக்க அவர்கள் முயலவே இல்லை. வரிசைக்கு எண்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் வேறு பாதையில் இதே இடத்துக்குத்தான் வருகிறது: சம்பவங்களை வரிசைப்படுத்த நிஜக் கடிகாரம் தேவையில்லை, ஒழுங்காகக் கூடிக்கொண்டே போகும் ஒரு எண் இருந்தால் போதும்.

டைம்ஸ்டாம்பை வைத்து வரிசைப்படுத்துகிறவர்கள் என்னென்னவற்றில் மாட்டுவார்கள்? இரண்டு வரிகள் ஒரே மைக்ரோ செகண்டில் வரலாம். பழைய விண்டோஸில் சிஸ்டம் நேரமே சுமார் 15.6 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் நகரும், அதற்குள் வந்த ஆயிரம் வரிகளும் ஒரே முத்திரையைத் தாங்கும். கடிகாரத்தைத் திருத்தும்போது நேரம் பின்னால் கூடப் போகலாம், அப்போது பின்னால் வந்தவர் முன்னால் வந்தவர் ஆகிவிடுவார். போஸ்ட்கிரெஸின் 'நவ்' மாதிரி இருந்தால், முதலில் ஆரம்பித்துக் கடைசியில் முடித்தவர் முதல் ஆள் ஆகிவிடுவார்.

"சரி, ஆட்டோ இன்கிரிமென்ட் போட்டால் முடிந்ததா?" என்று கேட்கலாம். அதுவும் முழுப் பதில் இல்லை. எண்ணை வாங்கிக்கொண்டு பாதியில் ரோல்பேக் ஆனால் அந்த எண் தொலைந்துபோகும். பேஸ்புக் லைக்குக்கு இதனால் நஷ்டமில்லை. பத்திரப் பதிவேட்டில் 1431-க்கு அடுத்து 1433 வந்தால், "1432 எங்கே, யார் கிழித்தது?" என்ற கேள்வி வரும். அங்கே எண்ணுக்கென்று ஒரு வரியை வைத்து, அதைப் பூட்டி, ஒருவர் முடித்தபின் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சார்பதிவாளர் மேஜையில் நொடிக்கு ஆயிரம் பத்திரம் வருவதில்லை. மெதுவாக இருக்க அங்கே அனுமதி உண்டு, தவறாக இருக்கத்தான் அனுமதி இல்லை.

வேகம் நிஜமாகவே தேவைப்படும் இடங்கள்

துல்லியமே வேண்டாம் என்பது இங்கே வாதமில்லை. ஒரு கொய்ரி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க, சென்சார் தரவு சேமிக்க, லாக்குகளை ஒப்பிட மைக்ரோ செகண்ட் வேண்டும். பங்குச் சந்தையில் அதற்கும் மேல் வேண்டும்.

ஆனால் அங்கேயும் நடந்த கதை என்ன? தேசியப் பங்குச் சந்தை 2010 வாக்கில் புரோக்கர்களின் சர்வரைத் தன் கட்டடத்திலேயே வைக்க இடம் கொடுத்தது. விலைத் தகவல் அப்போது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போகவில்லை, கனெக்ட் ஆன வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராகப் போனது. 2015-ல் புகார் கிளம்பியது, 2019 ஏப்ரலில் செபி உத்தரவு வந்தது, பிறகு மேல்முறையீடுகளில் பல திருப்பங்கள். அந்தச் சர்ச்சையின் வேர் கடிகாரத்தில் இல்லை. தகவல் கொடுத்த முறையிலேயே வரிசை ஒளிந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் மல்டிகாஸ்ட் முறைக்கு 2014-ல் மாறியதுதான் நிஜமான வைத்தியம்.

தட்கலும் அப்படித்தான். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த்துக்காகக் கோரிப்பாளையத்தில் ஒரு மாணவர் மொபைலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு சாஃப்ட்வேர் அவருக்கு முன்னால் நூறு டிக்கெட்டைத் தட்டிவிடுகிறது. டைம்ஸ்டாம்பைப் பார்த்தால் சாஃப்ட்வேர்தான் முதலில் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நியாயமா? ரயில்வே 2025 ஜூலையில் நொடியை இன்னும் பொடியாக்கவில்லை. ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் ஆன்லைன் தட்கல் என்றது, முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளை நிறுத்தி வைத்தது. அது எவ்வளவு பலித்தது என்று விவாதிக்கலாம். கேள்வியைப் புரிந்துகொண்ட விதம் சரி: "யார் முதலில்?" என்பதை விட "வரிசையில் நிற்க யாருக்கு உரிமை?" என்பது பெரிய கேள்வி.

கடைசியாக

அடுத்த தடவை புராஜெக்ட்டில் ஒரு டைம்ஸ்டாம்ப் காலம் சேர்க்கும்போது இதைச் செய்து பாருங்கள். சம்பவம் நடந்த நேரத்துக்கு ஒரு காலம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கு ஒரு காலம், வரிசைக்கு ஒரு எண். நேரம் எப்போதும் சர்வருடையதாக இருக்கட்டும், யூசரின் மொபைல் சொல்லும் நேரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். யுடிசியில் சேமித்து, காட்டும்போது ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். கெடு எந்தக் கடிகாரப்படி என்பதை யூசருக்கு முன்னாலேயே சொல்லுங்கள். இதெல்லாம் ஆனபிறகு ஆறு இலக்கம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், காசா பணமா!

ஒத்தக்கடை மனையை எழுதி வாங்கிய முதல் ஆள் கற்பனைதான். ஆனால் அவரைப் போல ஆயுள் சேமிப்பை ஒரு துண்டு நிலத்தில் போட்டுவிட்டு, ஸ்கிரீனில் வருகிற ஒரு வரியை நம்பி நிற்பவர்கள் இந்த ஊரில் நிஜமாகவே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாளைக்கு அந்த ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கும் டேபிளை எழுதப் போகிறவர்கள் இன்றைக்கு கிளாஸில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். எந்த நேரத்தைச் சேமிக்கிறோம் என்று அவர்கள் யோசிக்காமல் விட்டால், தப்பான ஆளுக்குத் தீர்ப்பு சொல்லிவிடும் அந்த டேபிள். அதுவும் ஆறு இலக்கத் துல்லியத்தோடு.